தண்ணீர் ரயிலுக்கு இடம் கிடைத்த பாதை

2019 ஜூலை 12ஆம் தேதி, ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் குடிநீரை ஏற்றிக்கொண்டு ஒரு ரயில் சென்னை வில்லிவாக்கம் போய்ச் சேர்ந்தது. சென்னையின் ஏரிகள் வெடித்துக் கிடந்த கோடை அது. மேட்டுச்சக்கரகுப்பத்தில் இருக்கும் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் தொட்டியிலிருந்து பார்சம்பேட்டை ரயில்வே கேட் வரை சுமார் மூன்றரை கிலோமீட்டருக்குக் குழாய் பதித்தார்கள். 65 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். நாளைக்கு ஒரு கோடி லிட்டர் அனுப்புவது திட்டம். அறிவிப்பு வந்த சில வாரங்களுக்குள் ரயில் ஓடிவிட்டது.

தண்ணீர் போனதில் நமக்கு வருத்தமில்லை. சென்னையில் அந்தக் கோடையில் குடம் தூக்கி அலைந்தவர்களில் நம் சனங்கள்தான் அதிகம். நம்மை உறுத்தியது வேறொன்று. ஜோலார்பேட்டைக்கும் காட்பாடிக்கும் இடையில் காலையில் ஒரு பாசஞ்சர் கூடுதலாக விடுங்கள் என்று யார் கேட்டாலும் வழக்கமாக வரும் பதில், 'பாதையில் இடமில்லை' என்பதுதான். அந்தப் பாதையில்தான் ஐம்பது வேகன் ரயிலுக்கு இடம் கிடைத்தது.

ரயில்வேக்காரர்கள் 'பாத்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ஒரு ரயில் ஓட வேண்டுமென்றால் தண்டவாளம் இருந்தால் போதாது. எந்த நிமிடத்தில் எந்த ஸ்டேஷனைக் கடக்கும் என்று அட்டவணையில் ஒரு கோடு கிழித்து, அந்தக் கோட்டின் மேல் வேறு ரயில் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் கோடுதான் பாத். இரட்டைப் பாதையில் ஒரு நாளைக்கு இத்தனை கோடுதான் கிழிக்க முடியும். ஆக, யாருக்குக் கோடு, யார் லூப் லைனில் ஒதுங்கி நிற்பது என்று ஒவ்வொரு நாளும் ஒருவர் முடிவு செய்கிறார். நம் வட்டாரத்தில் அந்த முடிவுக்கு 160 ஆண்டு வரலாறு உண்டு.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை மக்களுக்காக ஓடத் தொடங்கியது. அங்கிருந்து பாதை மேற்கே நீண்டது. காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை, திருப்பத்தூர், சேலம் என்று போய் 1861-62 வாக்கில் கள்ளிக்கோட்டைப் பக்கம் பேப்பூரைத் தொட்டது. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குக் கிளை பிரிந்தது. மெட்ராஸ் ரயில்வே கம்பெனி இதைப் போட்டது பட்டாளத்தையும் பருத்தியையும் இரு கடற்கரைகளுக்கு நடுவே கொண்டுபோக. குடியாத்தத்தில் இறங்கினால் ஊருக்குள் போக இன்னும் சில கிலோமீட்டர் போக வேண்டும். ஊர்களைத் தேடி வந்த பாதை இல்லை அது.

ஆனாலும் அந்த ரயில் நமக்கு ஒன்றைச் செய்தது. டிக்கெட் வாங்கியவனை ஏற்றிக்கொண்டது.

இது சின்ன விஷயம் என்று இன்றைக்குத் தோன்றும். சாதிக்கொரு பெட்டி வேண்டும் என்று மேல்சாதியார் கேட்காமல் இல்லை. கம்பெனிகள் மறுத்தன. சமத்துவத்தின் மேல் ஆசை வைத்து அல்ல, சாதிக்கொரு பெட்டி கோர்த்தால் கட்டுப்படியாகாது என்பதால். காசுக்கேற்ற வகுப்பு என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். மூன்றாம் வகுப்புப் பலகையில் பறையரும் முதலியாரும் தோள் இடிக்க உட்கார வேண்டியதாயிற்று. இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் ஒடுக்கப்பட்டோர் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தது 1924இல். அதாவது, ஊர்த் தெருவில் நடக்கும் உரிமையை அரசு எழுத்தில் ஒப்புக்கொள்வதற்கு 68 ஆண்டுகள் முன்பே, நம் பாட்டன்மார் நாலணாவோ எட்டணாவோ கொடுத்து ரயிலில் உட்கார்ந்து போயிருக்கிறார்கள்.

ரயிலுக்குள் சாதி ஒழிந்ததா என்றால் இல்லை. ஸ்டேஷன் சாப்பாட்டுக் கூடங்களில் பிராமணருக்குத் தனி இடம் இருந்தது. பெரியாரும் நீதிக்கட்சியும் விடாமல் எதிர்த்த பிறகு 1941இல்தான் அது போனது. அம்பேத்கர் ஒன்பது பத்து வயதுச் சிறுவனாக 1901இல் மசூர் ஸ்டேஷனில் இறங்கியதை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். நல்ல துணி உடுத்திய பிள்ளைகள் என்று அன்பாக விசாரித்த ஸ்டேஷன் மாஸ்டர், மகார் என்று தெரிந்ததும் முகம் மாறினார். மாட்டுவண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். இரட்டிப்புக் கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. ரயில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தது. ஸ்டேஷன் வாசலில் சாதி வண்டியோடு நின்றிருந்தது.

நம் வட்டாரத்தில் இந்த ரயில் செய்த பெரிய வேலை, ஆட்களை ஊரைவிட்டு வெளியே கொண்டுபோனது. 1880களில் கோலார் தங்கவயல் திறந்தபோது சுரங்கத்துக்கு இறங்க ஆள் தேவைப்பட்டது. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்துச் சேரிகளிலிருந்து ஆயிரக்கணக்கில் போனார்கள். பண்ணையடிமைச் சட்டம் 1843இல் ஒழிந்தது காகிதத்தில்தான். பண்ணையாரின் களத்திலிருந்து காலெடுத்து வைக்க ஓர் இடம் வேண்டுமே, அந்த இடம் ஜோலார்பேட்டை ஸ்டேஷன். 1894இல் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, மாரிகுப்பத்துக்குக் கிளைப் பாதை போட்டார்கள். அதன் பிறகு திருப்பத்தூரில் ரயில் ஏறினால் சுரங்கத்தின் வாசலிலேயே இறங்கலாம்.

போனவர்கள் வெறும் கூலியோடு திரும்பவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய 'தமிழன்' இதழை வாசித்தவர்களும் காசு கொடுத்துத் தாங்கியவர்களும் தங்கவயலில் நிறைய இருந்தார்கள். மாரிகுப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கம் வலுவாக இருந்தது. திருப்பத்தூரிலும் அதற்குக் கிளை இருந்தது. பண்டிதரின் எழுத்துகளைப் பின்னாளில் நூல்களாக அச்சிட்டதும் தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலைதான். சென்னை, திருப்பத்தூர், மாரிகுப்பம் என்று இந்த ஊர்களை ஒரு தாளில் குறித்துக் கோடு போட்டால் வருவது மெட்ராஸ் ரயில்வேயின் வரைபடம். தமிழ்ப் பௌத்தம் பரவிய வழியை எழுதுகிறவர்கள் இந்தத் தண்டவாளத்தைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

இன்னொரு பக்கம் தோல். மாடு செத்தால் சேரிக்கு ஆள் வரும். உரிப்பதும் பதப்படுத்துவதும் நம் வேலை, தீட்டும் நமக்கே. ரயில் வந்ததும் தோல் சரக்காயிற்று. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று டேனரிகள் பெருகின. முதலாளிகள் பெரும்பாலும் தமிழ் முஸ்லிம் வணிகர்கள். சுண்ணாம்புக் குழியில் முழங்கால் வரை நின்றவர்கள் பறையரும் அருந்ததியரும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் பெரியமேட்டு மண்டிக்குப் போய், கப்பல் ஏறி லண்டன் சந்தைக்குப் போனது. தோலுக்கு அந்தக் காலத்திலேயே பாத் இருந்தது. தோலைப் பதனிட்டவர் வேலைக்குப் போனது நடந்துதான். டேனரிக்குப் பக்கத்திலேயே, கழிவு ஓடும் வாய்க்கால் ஓரமாக, அவருடைய காலனி அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பஞ்சத்தையும் சொல்ல வேண்டும், திருப்பத்தூருக்கு அதில் தனிப் பங்கு இருப்பதால். 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் சேலமும் வட ஆற்காடும் மிக மோசமாக அடிபட்டன. திருப்பத்தூர் அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது, 1911இல்தான் வட ஆற்காட்டுக்கு மாறியது. தானியம் ரயிலில் வந்தது. வாங்கக் காசில்லாதவன் ரயிலைப் பார்த்துக்கொண்டே செத்தான். நிவாரணக் கூலியை நாளைக்கு ஒரு பவுண்டு தானியத்தின் அளவுக்கு வெட்டினார் ரிச்சர்ட் டெம்பிள். பிறகு அமைந்த பஞ்சக் கமிஷன், ரயில் இல்லாத ஊர்களுக்கு ரயில் போடுங்கள் என்றது. அந்த யோசனையின் வால்பிடித்து 1905இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு இரண்டரை அடி அகலக் குறும்பாதை ஒன்று வந்தது. நம் மாவட்டத்தில் உள்ளூர் மக்களை நினைத்துப் போட்ட ஒரே பாதை என்று இதைத்தான் சொல்ல முடியும், அதுவும் சாவுக்குப் பயந்து போட்டது. வருமானம் வரவில்லை. 1940களின் தொடக்கத்துக்குள் மூடித் தண்டவாளத்தையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். கிருஷ்ணகிரிக்கு ரயில் விடுவோம் என்பது இன்றைக்கும் ஒவ்வொரு தேர்தலிலும் புதிதாகப் பிறக்கும் வாக்குறுதி. நம் பாட்டி காலத்தில் ஓடிய ரயிலைப் பேத்திக்கு வாக்குறுதியாகக் கொடுக்கிறார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு சென்னைப் பக்கம் மின்ரயில் வளர்ந்தது. கடற்கரை முதல் தாம்பரம் வரை 1931லேயே மின்ரயில் ஓடியது. மேற்கே 1980களில் அரக்கோணம் வரை புறநகர் மின்ரயில் வந்தது. அரக்கோணம் சென்னையிலிருந்து சுமார் 69 கிலோமீட்டர். அங்கிருந்து ஜோலார்பேட்டை வரை இன்னும் 145 கிலோமீட்டர். அந்த 145 கிலோமீட்டரிலும் மின்கம்பி உண்டு, இரட்டைப் பாதை உண்டு, ஊருக்கு ஊர் ஸ்டேஷன் உண்டு. அடிக்கடி ஓடும் ரயில்தான் இல்லை. அரக்கோணத்தைத் தாண்டினால் நாம் புறநகர் இல்லை. எக்ஸ்பிரஸ் ஜன்னலில் ஓடும் காட்சி.

இந்த இடைவெளி பெரிதாகத் தெரியத் தொடங்கியது ஷூ கம்பெனிகள் வந்த பிறகு. 1970களில் ஒன்றிய அரசு பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, பொருளாகச் செய்து அனுப்பச் சொன்னது. ஆம்பூரைச் சுற்றி ஷூ, மேல்தோல் தைக்கும் கம்பெனிகள் பெருகின. குழிக்குள் நின்றவர்கள் ஆண்கள். தையல் மிஷினில் உட்கார்ந்தவர்கள் பெண்கள். அதே சமயத்தில் பாலாற்றுப் படுகையில் கிணற்று நீர் கெட்டு விவசாயக் கூலி வேலை அழிந்துகொண்டிருந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைச் சட்டக் கல்லூரிகளில் பாடமாக நடத்துகிறார்கள். மாசுபடுத்தியவரே பணம் கட்ட வேண்டும் என்றது அது. சரிதான். ஆனால் அடுத்தவர் நிலத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தவளுக்கு நிலம் கெட்டதால் போனது நிலம் இல்லை, வேலை. அவள் காலையில் ஆம்பூருக்குக் கிளம்பினாள்.

எப்படிக் கிளம்பினாள் என்பதுதான் நம் கேள்வி. ஆலங்காயத்துக்கும் பேரணாம்பட்டுக்கும் ரயிலே கிடையாது. கேதண்டபட்டி, விண்ணமங்கலம், பச்சகுப்பம், மேல்பட்டி, வளத்தூர் ஆகிய ஊர்களில் ஸ்டேஷன் இருக்கிறது, ஷிப்டுக்கு ஏற்ற ரயில் இல்லை. ஆகவே கம்பெனி வேன். வேன் இலவசம்தானே என்பார்கள். வேன் வரும் நேரம்தான் அவள் எழும் நேரம், ஓவர்டைம் முடிந்து வேன் கிளம்பினால்தான் வீடு. கம்பெனியை மாற்றினால் வேன் போய்விடும். சங்கம் பேசினால் யார் யார் பேசினார்கள் என்று வேனிலேயே தெரிந்துவிடும். நமக்குத் தெரிந்த ஓர் ஊரில், வேலை நிறுத்தம் பற்றிப் பேச்சு எழுந்த வாரத்தில் அந்தத் தெருவுக்கு மட்டும் வேன் வரவில்லை. யாரையும் வேலையைவிட்டு நீக்கவில்லை, எந்த நோட்டீசும் இல்லை. நான்காம் நாள் பேச்சு அடங்கியது. பத்து ரூபாய் டிக்கெட்டில் போகும் ரயில் ஒன்று அங்கே இருந்திருந்தால் அந்த வாரம் வேறு மாதிரி முடிந்திருக்கும்.

பத்து ரூபாய் என்று எழுதும்போதே அடுத்த கதை வந்துவிடுகிறது. கொரோனாவில் 2020 மார்ச்சில் எல்லா ரயிலும் நின்றது. திரும்ப ஓடியபோது முதலில் வந்தவை எக்ஸ்பிரஸ்கள், கடைசியில் வந்தவை பாசஞ்சர்கள். வந்த பாசஞ்சருக்கும் 'எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல்' என்று பெயர் மாற்றிக் குறைந்தபட்சக் கட்டணத்தைப் பத்திலிருந்து முப்பது ரூபாய் ஆக்கினார்கள். அதே பெட்டி, அதே ஸ்டேஷன்கள். 2024 பிப்ரவரி இறுதியில்தான், நாடாளுமன்றத் தேர்தல் நெருங்கும்போது, மீண்டும் பத்து ரூபாய் ஆனது. இடைப்பட்ட காலத்தில் தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. ரயிலை விட்டவர்கள் பேருந்துக்குப் போனார்கள். ரயிலில் கூட்டமில்லை என்று நாளை யாராவது கணக்குக் காட்டினால் இந்த இரண்டையும் சேர்த்தே காட்ட வேண்டும்.

சீசன் டிக்கெட்டுக்கு 150 கிலோமீட்டர் எல்லை. காட்பாடி சென்னையிலிருந்து சுமார் 130, ஆகவே உள்ளே. ஆம்பூர் சுமார் 180, வாணியம்பாடி 198, ஜோலார்பேட்டை 214, மூன்றும் வெளியே. விடியற்காலை ஜோலார்பேட்டையிலிருந்து கிளம்பி மாலையில் சென்னையிலிருந்து திரும்பும் ஏலகிரி எக்ஸ்பிரஸை நம்பிச் சென்னையில் வேலை பார்க்கலாம் என்று நினைக்கும் நம் பையன், சீசன் எடுக்க முடியாது. 2009இல் மம்தா பானர்ஜி ரயில்வே அமைச்சராக இருந்தபோது 'இஸ்ஸத்' என்று 25 ரூபாய் மாதாந்திரச் சீட்டு வந்தது. இஸ்ஸத் என்றால் மானம், மரியாதை. மாதம் 1,500 ரூபாய்க்குள் வருமானம் உள்ளவருக்குத்தான் அந்த மரியாதை. ஷூ கம்பெனியில் குறைந்தபட்சக் கூலி வாங்கும் பெண்கூட அந்த வரம்புக்கு மேலே போய்விடுகிறாள்.

2025 பிப்ரவரியில் கோவை–திருப்பதி இன்டர்சிட்டியின் பெண்கள் பெட்டியில் தனியாக இருந்த கர்ப்பிணி ஒருவர், பாலியல் வன்முறையை எதிர்த்ததற்காகக் கே.வி.குப்பம் அருகே ஓடும் ரயிலிலிருந்து தள்ளப்பட்டார். வயிற்றிலிருந்த சிசு இறந்தது. அதே ஆண்டில் குற்றவாளிக்குத் திருப்பத்தூர் நீதிமன்றம் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. காவலர் போடுங்கள், கேமரா வையுங்கள் என்று எல்லோரும் பேசினார்கள், தேவைதான். அந்தப் பெட்டி ஏன் காலியாக இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. வேலை முடிந்து திரும்பும் பெண்கள் நிறைய ஏறும் நேரத்தில், நிறைய ரயில்கள் ஓடினால் பெண்கள் பெட்டி காலியாக இருக்காது.

இந்த ஆண்டுகளில் வேலையே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டோம். 2022 மே 26 அன்று காட்பாடி ஸ்டேஷனைப் புதிதாகக் கட்ட அடிக்கல் நாட்டினார் பிரதமர். அதே ஆண்டு நவம்பர் 11இல் சென்னை–மைசூர் வந்தே பாரத் இந்தப் பாதையில் ஓடத் தொடங்கியது. நம் பகுதியில் காட்பாடியில் மட்டும் நிற்கும். 2024 மே மாதம் சென்னைக் கடற்கரை–வேலூர் கண்டோன்மெண்ட் மெமு திருவண்ணாமலை வரை நீண்டது. மக்கள் கேட்டு வாங்கியது அது, நமக்கும் மகிழ்ச்சியே. கிரிவலத்துக்குக் கோடு கிழிக்க முடிகிறதென்றால் ஷிப்டுக்கும் கிழிக்க முடியும் என்பதற்குச் சாட்சியாகவே அதை எடுத்துக்கொள்கிறோம்.

ஷிப்டுக்கு ரயில் விட்டால் என்ன ஆகும் என்று பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டாம். தங்கவயலுக்கே போகலாம். 2001 பிப்ரவரி கடைசி நாளில் சுரங்கம் மூடப்பட்டது. நம் ஊர்களிலிருந்து நூறாண்டு முன்பு போனவர்களின் பேரப்பிள்ளைகள் ஒரே இரவில் வேலையற்றவர்கள் ஆனார்கள். ஊர் காலியாகியிருக்க வேண்டும், ஆகவில்லை. சுரங்கத்துக்காகப் போட்ட மாரிகுப்பம் பாதையில் பெங்களூருக்குக் காலை ரயில்கள் இருந்தன. 'ஸ்வர்ணா' என்று பெயர் வைத்த ரயிலில் கம்பிக்குக் கம்பி தொங்கிக்கொண்டு தினமும் நூறு கிலோமீட்டர் போய், இரவு திரும்பினார்கள். நான்கைந்து மணி நேரம் ரயிலிலேயே கழியும் வாழ்க்கையைச் சுகம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் வீடு இருந்தது, சங்கம் இருந்தது, அம்பேத்கர் மன்றம் இருந்தது, பிள்ளைகள் அதே பள்ளியில் படித்தார்கள்.

அரக்கோணம்–ஜோலார்பேட்டை இடையே மூன்றாவது, நான்காவது பாதை வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக இருக்கிறது. நாமும் கேட்கிறோம். கேட்கும்போது இரண்டு விஷயத்தைச் சேர்த்துக் கேட்க வேண்டும். ஒன்று, புதுப் பாதை வந்தால் அதன் கோடுகள் சரக்குக்கும் வந்தே பாரத்துக்கும் போய்விடும். பழைய பாதையில் நடந்தது அதுதான். உள்ளூர் மெமுவுக்குக் காலையும் மாலையும் இத்தனை பாத் என்று திட்ட அறிக்கையிலேயே எழுத வேண்டும். இரண்டு, நிலம். ரயில்வே ஓரத்துப் புறம்போக்கில் இருப்பது யாருடைய வீடு என்று நமக்குத் தெரியும். பட்டா உள்ளவருக்கு இழப்பீடு. பட்டா இல்லாதவர் 'ஆக்கிரமிப்பாளர்'. சென்னையில் பறக்கும் ரயிலுக்காக அகற்றப்பட்டவர்கள் எங்கே போய் விழுந்தார்கள் என்பதைக் கண்ணகி நகரில் கேட்டுக்கொள்ளலாம். நம் ரயிலுக்காக நம் தெருவையே இடிக்கும் கூத்து இங்கேயும் நடக்க விடக்கூடாது. பாதை போடும் முன்பே, ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் மாற்று மனைப்பட்டா கையில் வர வேண்டும்.

பெயர் விஷயம் ஒன்றும் நினைவுக்கு வருகிறது. 1989இல் மாவட்டத்தைப் பிரித்தபோது இது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனது. சில ஆண்டுகளில், தலைவர்கள் பெயர் வைப்பதையொட்டி மூண்ட சாதிக் கலவரங்களைக் காட்டி எல்லாப் பெயர்களையும் எடுத்தார்கள், அம்பேத்கர் பெயரும் போனது. 2019 நவம்பரில் திருப்பத்தூர் தனி மாவட்டம் ஆனபோது பழைய பெயரை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அதே ஆண்டு சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எம்.ஜி.ஆர். பெயர் வந்தது, அதற்கு எந்தக் கலவரமும் இல்லை.

மனு ஒன்றைத் தயாரித்தோம். ஜோலார்பேட்டையில் காலை ஏழரைக்குக் கிளம்பி எல்லா ஸ்டேஷனிலும் நின்று காட்பாடி போகும் ஒரு மெமு, ஆம்பூரிலிருந்து மாலை ஆறு மணிக்குத் திரும்பும் ஒரு மெமு என்று எழுதி, பச்சகுப்பத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிய பெண்களுக்கு வாசித்துக் காட்டினோம். ஆறு மணி என்பதை அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஐந்தரைக்கு மணி அடித்தாலும் கேட்டில் வரிசையில் நிற்கவைத்துப் பையைச் சோதிப்பார்கள், அதற்கே இருபது நிமிடம் ஆகும், பிறகு ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டும் என்றார்கள். ஒரு அக்கா பேனாவை வாங்கி, ஆறை அடித்துவிட்டு 6.40 என்று அவரே எழுதினார்.